வட ஆற்காட்டில் தோட்டம் யாருக்கு வாய்த்தது

வேலூரைப் பற்றி ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிக்கும் ஒரு பட்டியல் உண்டு. சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. சொல்கிற ஆளைப் பொறுத்து இதில் ஒன்றிரண்டு கூடும், குறையும். கோயில் விஷயம் 1981-ல் சரியாகிவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ராஜா இனி வரப்போவதில்லை. ஆறும் மலையும் மட்டும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கின்றன. 2021 நவம்பர் மாதிரி எப்போதாவது பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனால், ஜனங்கள் பாலத்தில் நின்று செல்போனில் படம் பிடிக்கிறார்கள்.

இதே வேலூரில்தான் தோட்டப்பாளையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. ராணிப்பேட்டைப் பக்கம் ஒன்பது லட்சம் மரம் நின்றதாகச் சொல்லப்படும் நவ்லாக் இருக்கிறது. பள்ளிகொண்டா, குடியாத்தம் பக்கம் தென்னந்தோப்பு, அணைக்கட்டுப் பக்கம் பூவும் கத்தரியும் என்று தோட்டத்துக்கு இந்த மாவட்டத்தில் குறை இருந்ததில்லை. அது யார் பேரில் இருந்தது என்பதில்தான் கதையே இருக்கிறது.

தோட்டக்கலை என்றால் விதை, உரம், கவாத்து என்று பேசப் பழகியிருக்கிறோம். ஆனால் மா காய்க்க நாலைந்து வருஷம் ஆகும். விதை போட்டு வளர்த்த புளி காய்க்கப் பத்து வருஷம்கூட ஆகலாம். அதுவரை இந்த இடத்தைவிட்டு யாரும் நம்மை எழுப்பமாட்டார்கள் என்கிற தைரியம் உள்ளவன்தான் மரம் வைப்பான். அந்தத் தைரியம் எந்தக் காலத்தில் யாருக்குக் கிடைத்தது, செடிக்கு ஊற்றும் தண்ணீர் யார் பொறுப்பில் இருந்தது என்று பார்த்துக்கொண்டே போனால், வட ஆற்காட்டின் அரசியல் வரலாறு பாதிக்கு மேல் வந்துவிடும்.

எல்லையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1801-ல் கர்நாடக நவாபின் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது உருவான பழைய வட ஆற்காடு மிகப் பெரியது. 1911 வரை சித்தூர்தான் தலைநகர். திருப்பதியும் திருமலையும் அதற்குள் அடக்கம். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-ல் மிச்சத்தையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். இந்தக் கட்டுரையில் வட ஆற்காடு என்று வரும்போது அந்தப் பழைய, அகலமான ஊர்ப்பரப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தை நிர்வாகம் செய்ய ஒரு குழு, அதற்குத் தேர்தல், அதில் நிற்கத் தகுதி என்று எழுதிவைத்த பழைய சான்று ஒன்று பக்கத்து ஊரில் இருக்கிறது. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோமே, அதேதான். அதில் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்டத்துக்கு ஏரியைப்போல இரண்டு மடங்கு ஆட்கள் என்பது யாருக்கும் சட்டென்று கண்ணில் படுவதில்லை. தகுதியையும் பாருங்கள். கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு) இறை, அதாவது வரி, கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதம் ஓதியிருக்க வேண்டும். இது பிராமணர் ஊர்ச் சபை. நிலமும் மனையும் இல்லாதவன் தோட்டத்தில் மண் வெட்டலாம், வாரியத்தில் உட்கார முடியாது. ஜனநாயகம் என்று பெருமைப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் வேகமாகக் கடந்துபோகிறார்கள்.

ஏரிகளும் இதே காலத்தையும் இதற்கு முந்தைய காலத்தையும் சேர்ந்தவை. சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் ஒரே பாறையைக் குடைந்து கோயில் செய்து, தன் பேரில் வெட்டிய ஏரியைக் கல்வெட்டிலும் குறித்துவைத்தான். காவேரிப்பாக்கம் ஏரியும் பல்லவர் காலத்து வேலை. மழை வருஷத்தில் நாலு மாதம் வந்துபோகும் நாட்டில், ஏரி இல்லாமல் தோட்டம் கிடையாது.

அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு கோயில் நந்தவனத்துக்குப் போனது. சாமிக்குப் பூமாலை தவறாமல் நடக்க வேண்டும் என்று ராஜாக்களும் வியாபாரிகளும் நிலம் எழுதிவைத்தார்கள். நந்தவனப்புறம் என்று அதற்குப் பெயர். அந்த நிலத்தின் விளைச்சலைக்கொண்டு தோட்டக்காரர்களுக்குச் சோறும் துணியும். கொடுத்தவர் பேர் கல்லில் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்கள் அநேகமாகக் குடிகள் என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போகிறார்கள். பூவை மாலையாகக் கட்டுவது சிவன் கோயிலில் பண்டாரங்கள், பெருமாள் கோயிலில் சாத்தாத வைணவர்கள் என்று சாதிவழித் தொழிலானது.

திருமலையில் இதற்கு நல்ல கதை ஒன்று உண்டு. மலைக்குப் போய்ப் பூக்கைங்கரியம் செய்ய யார் தயார் என்று ராமானுஜர் கேட்க, அனந்தாழ்வான் போனார். தோட்டத்துக்குக் குளம் வெட்டினார். அவர் வெட்ட, கர்ப்பிணியான மனைவி மண் சுமந்தார். பாவம் பார்த்து உதவிக்கு வந்த சிறுவனை, என் கைங்கரியத்தில் பங்குக்கு வராதே என்று கடப்பாரையால் அடித்துவிட்டார். அப்புறம் பார்த்தால் சந்நிதியில் பெருமாளின் மோவாயில் ரத்தம். அந்தக் கடப்பாரை இன்றும் கோயில் வாசலில் தொங்குகிறது, மோவாய்க்குப் பச்சைக் கற்பூரம் வைக்கிறார்கள். பக்திக் கதையாக இது அருமை. தோட்டக் கதையாகப் படித்தாலோ, கூலியில்லாமல் மண் சுமந்த அந்த அம்மாளும் கண்ணில் படுகிறார்.

நவாபுகள் வந்ததும் தோட்டத்தின் தோரணை மாறியது. சாமிக்குப் பூ என்பது போய், ஆட்சி செய்கிறவரின் கௌரவத்துக்குத் தோப்பு என்று வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதத்துல்லா கான் ஆற்காட்டில் உட்கார்ந்து ஆண்டார். பாலாற்றின் அந்தப் பக்கம், செஞ்சி ராஜா தேசிங்கின் ராணி நினைவாக ராணிப்பேட்டை எழும்பியது என்பது ஊர் வழக்கு. அதை ஒட்டித்தான் நவ்லாக் தோப்பு. ஒன்பது லட்சம் மரம் வைத்ததால் அந்தப் பேர் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். முப்பதடிக்கு ஒன்று என்று மா வைத்தால் ஏக்கருக்கு ஐம்பது மரத்துக்குள்தான் வரும். ஒன்பது லட்சம் மரத்துக்குப் பதினெட்டாயிரம் ஏக்கருக்கு மேல் வேண்டும். ஆற்காடு, ராணிப்பேட்டை, வாலாஜா மூன்றையும் தோப்புக்குள் வைத்தாலும் மிச்சம் இருக்கும். லாகூரிலும் நவ்லாக்கா என்று ஒரு தோட்டம் இருந்திருக்கிறது. ஆகவே இதை மரக் கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். தர்பார் பெருமையின் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது அங்கே அரசு தென்னை நாற்றுப் பண்ணை இருக்கிறது. கன்று வாங்க வருகிறவர்கள் நவாபை நினைத்துக்கொள்வதில்லை, நெட்டையா குட்டையா என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தக் காலத்துத் தோட்ட வேலை தெரிந்த கைகளுக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்று பார்க்க மலையேறி பெங்களூருக்குப் போகவேண்டும். 1760-ல் ஹைதர் அலி லால்பாக்கைத் தொடங்கினார். அதை வளர்த்தவர்கள் திகளர் சமூகத்தார். தமிழ்ச் சீமையிலிருந்து, ஆற்காடு சேலம் பக்கங்களிலிருந்து தங்கள் முன்னோர் போனார்கள் என்பது அவர்களிடம் வழிவழியாக வரும் பேச்சு. வன்னிகுல க்ஷத்திரியர் என்று சொல்லிக்கொள்கிறார்கள், இங்குள்ள வன்னியர்களைப் போலவே. பெங்களூரின் பெரிய திருவிழாவான கரகத்தை தர்மராயர் கோயிலில் எடுப்பது அவர்கள்தான், தெய்வம் திரௌபதி. வேலூர், ஆரணி, செய்யாறு பக்கம் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயிலும் தீமிதியும் பத்து நாள் பாரதக் கூத்தும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த உறவை யாரும் விளக்க வேண்டியதில்லை. பெங்களூரில் ஏரிக்கரைக் காய்கறித் தோட்டமும் பூத்தோட்டமும் நெடுங்காலம் அவர்கள் கையில் இருந்தன. நகரம் பெருத்ததும் தோட்டம் மனையாகிவிட்டது.

லால்பாக்கை உண்டாக்கிய குடும்பம் கடைசியில் வேலூருக்கு வந்து சேர்ந்ததும் உண்டு. 1799-க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகளைக் கம்பெனி வேலூர்க் கோட்டையில் வைத்தது. 1806 ஜூலையில் சிப்பாய்ப் புரட்சி வெடித்ததும் அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனி ஆட்சி தோப்பின் அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை, தீர்வையைப் பற்றிக் கவலைப்பட்டது. நஞ்சை, புஞ்சை இரண்டோடு தோட்டக்கால் என்று மூன்றாவது தரம் இருந்தது. ஒரு குடியானவர் தன் புஞ்சையில் கடன் வாங்கிக் கிணறு வெட்டி, கத்தரி, மிளகாய், வெற்றிலை என்று போட்டால் அந்த நிலம் தோட்டக்கால் ஆகிவிடும், தீர்வையும் ஏறிவிடும். உழைத்துத் தண்ணீர் கண்டதற்குக் கிடைத்த பரிசு இது. கிணறு வெட்டுவதில் யாருக்கு ஆர்வம் வரும்? 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான், சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்குக் கூடுதல் தீர்வை இல்லை, புஞ்சை வீதமே போதும் என்று சென்னை மாகாணத்தில் கொள்கை மாறியது. வட ஆற்காடு கிணற்று மாவட்டமாக ஆனதில் இந்த மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் எண்ணம். மின்சாரம் வரும்வரை, மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றம்தான். இரண்டு மாடு, சரிவான பாதை, வடக்கயிறு, இரும்புச் சால், அதன் அடியில் தண்ணீரை வாய்க்காலில் கொட்டும் தோல் தும்பி. அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்துக் கொடுத்தவர்கள் சேரியில் இருந்தார்கள். அவர்கள் தைத்த தும்பி இறைத்த தண்ணீர் பாய்ந்தது ஊராரின் நிலத்தில்.

மரத்தின் மேலும் சர்க்கார் தனியாக ஒரு கண் வைத்தது. நிலம் ஒருவருக்கு, மரம் இன்னொருவருக்கு என்று இருக்க முடியும் என்பது வருவாய்த்துறை நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம். தோப்புப் பொறம்போக்கு என்று பதிவேட்டில் ஒரு வகை இருக்கிறது. அப்புறம் 2சி பட்டா. பொறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்க ஒருவருக்குக் கொடுக்கும் உரிமை அது. காயும் பழமும் உங்களுக்கு, நிலம் சர்க்காருக்கு. இன்றைக்கும் கிராம நிர்வாக அலுவலகங்களில் பழைய ஆட்கள் இந்தப் பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, தாத்தா வைத்த புளி என்று வாதாடுவதைப் பார்க்கலாம். புளியை வைத்தது தாத்தா என்பதற்குச் சாட்சி அந்தப் புளியமரம்தான்.

சாலையோரப் புளி இன்னொரு உலகம். அடிமரத்தில் வெள்ளையடித்து நம்பர் போட்டிருக்கும். வருஷா வருஷம் மகசூலை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் மாசி, பங்குனியில் ஆள் வைத்து உலுக்குவார். ஆண்கள் மேலே ஏறிக் கிளையை உலுக்க, கீழே பெண்கள் சாக்கு விரித்துப் பொறுக்குவார்கள். பிறகு அதே மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து, ஓட்டை உடைத்து, நாரை உருவி, சின்ன இரும்புத் துண்டால் தட்டிக் கொட்டையை எடுத்து, பழத்தைத் தனியாகவும் கொட்டையைத் தனியாகவும் குவிப்பார்கள். விரலெல்லாம் கறுத்துப்போகும், நகக்கண் எரியும். கூலி கிலோ கணக்கில். ஏலத்தில் கை தூக்கியவர் பேர் மட்டும் ரசீதில் இருக்கும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது இந்த வரிசைகளில் பெரும்பகுதி போய்விட்டது. மரத்துக்குப் பதில் மரம் வைத்தோம் என்று கணக்குக் காட்டலாம், ஆனால் நடுத்தட்டில் நிற்கும் அரளியை யாரும் உலுக்க முடியாது.

ரயில் வந்ததும் தோப்புக்கு வேறு விதமான ஆபத்து. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. இன்ஜினுக்கு அப்போது விறகுதான் தீனி. மாகாணம் முழுக்க மரம் வெட்டு ஏறியது, சவுக்குத் தோப்பு போடுவது ஒரு தொழிலானது. 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்ததும் காட்டில் தழை அறுக்கவும் விறகு பொறுக்கவும் கட்டுப்பாடு வந்தது. தழையுரம் போட்டுத் தோட்டம் செய்த ஏழைக் குடியானவருக்கு அது நேரடி அடி.

பட்டாளத்துக்காரர்கள் இருந்த வேலூரிலும் ராணிப்பேட்டையிலும் பங்களாத் தோட்டம் வந்தது. கோஸ், கேரட், பீன்ஸ் எல்லாம் இங்கிலீஷ் காய் என்று பேர் வாங்கியதும் இந்தக் காலத்துச் சரக்குதான். இன்றும் திதிச் சமையலில் பல வீடுகளில் இங்கிலீஷ் காய் ஆகாது. வாழைக்காய், புடலை, அவரை என்று நாட்டுக் காய் மட்டும். வெள்ளைக்காரன் போய் முக்கால் நூற்றாண்டு ஆகியும் காலிஃப்ளவருக்கு இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை, போகட்டும்.

இனி மனைக்கு வருவோம். என் பார்வையில் இந்த வரலாற்றின் நடு முடிச்சு இதுதான். 1891-ல் பக்கத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர், அங்குள்ள பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். நிலமில்லை என்பது மட்டும் அதில் பிரச்சினையாக இல்லை. குடியிருக்கும் குடிசை நிற்கும் இடத்துக்கே பல ஊர்களில் மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். எதிர்த்துப் பேசினால் மனையிலிருந்து எழுப்பிவிடலாம். அப்படி ஒரு மனையில் யார் தென்னை வைப்பார்கள்? உத்திரமேரூர் வாரியம் கேட்ட அதே சொந்த மனைதான், ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்தும் அதே தொண்டை நாட்டில் கிடைக்காத பொருளாக இருந்தது. அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த வகுப்பாருக்குள்தான் கைமாற வேண்டும் என்று நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கும் மீட்புப் போராட்டம் நடப்பது அந்த நிலங்களுக்காகத்தான். நிபந்தனை காகிதத்தில் நின்றது, நிலம் பல இடங்களில் கைமாறிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பின் இலவச மனைப் பட்டா வந்தது. கிராமப்புறத்தில் பெரும்பாலும் மூன்று சென்ட் அளவு. 1,300 சதுர அடிச் சொச்சம். வீடு, குளியல் மறைப்பு, ஆடு கட்டும் இடம் போக மிஞ்சுவதில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, கூரைமேல் ஏற்றிவிட்ட சுரை அல்லது பீர்க்கு. ஆடியில் நாலு அவரை விதை ஊன்றினால் தை மாதம் பொங்கலுக்குக் காய். இந்தப் புழக்கடைத் தோட்டத்தைப் பார்ப்பதெல்லாம் பெண்கள்தான். பாத்திரம் கழுவிய தண்ணீர்தான் பாசனம், சாம்பல்தான் மருந்து. எந்தத் தோட்டக்கலைப் புள்ளிவிவரத்திலும் இது ஏறுவதில்லை. 1997-ல் வந்த சமத்துவபுரங்களில் வீட்டுக்கு ஐந்து சென்ட் என்று வைத்தபோது, அந்தக் கூடுதல் இரண்டு சென்ட் வெறும் காற்றோட்டத்துக்கு அல்ல என்பது குடி போனவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்த மாவட்டமே 1989 முதல் 1997 வரை வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்ற பேரில் இருந்ததையும் இங்கே நினைவுபடுத்திவிடலாம்.

மரத்தை அரசியல் நேரடியாகத் தொட்ட சந்தர்ப்பம் மதுவிலக்கு. பெரியார் தன் தோப்பில் ஐநூற்றுக்கும் மேற்பட்ட தென்னைகளைக் கள்ளுக்கு எதிராக வெட்டிச் சாய்த்தது எல்லோருக்கும் தெரியும். ராஜாஜி அமைச்சரவை 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, மறுவருஷம் சித்தூர், கடப்பை, 1939-ல் வட ஆற்காடு என்று நீட்டியது. பனை ஏறிகளுக்குப் பதநீர், வெல்லம் என்று மாற்று சொன்னார்கள். கள்ளில் கிடைத்த காசு வெல்லத்தில் கிடைக்குமா? வருமானம் போன மரத்தை யாரும் பார்த்துக்கொள்வதில்லை. பனை செங்கல் சூளைக்கு விறகாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் பம்புசெட். கிணற்று மாவட்டம் என்பதால் மின்சாரம் இங்கே வேகமாகப் பரவியது. பசுமைப் புரட்சி கிராமத்தில் என்ன செய்கிறது என்று பார்க்க 1970-களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆற்காட்டுக் கிராமங்களைத்தான் எடுத்துக்கொண்டன. 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்றானது. தண்ணீர் கீழே போகப் போக, கிணற்றை ஆழப்படுத்தவும் அதற்குள் போர் இறக்கவும் பணம் இருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்கள் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் தண்ணீர் கேட்டு நின்றார்கள், அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். இலவச மின்சாரம் கிணறு உள்ளவருக்குத்தானே பயன்படும்.

இந்தக் கிணறுகள்தான் வேலூரின் பூவை வளர்க்கின்றன. குண்டுமல்லி, முல்லை, காக்கட்டான், கனகாம்பரம், சாமந்தி. மல்லி பறிப்பதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். விடிவதற்கு முன்னால், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசை வரிசையாக இறங்குவார்கள். இன்று மாலை விரியப்போகிற மொக்கை மட்டும், காம்போடு, இரண்டு விரலால் கிள்ள வேண்டும். பச்சையாக இருந்தால் நாளைக்கு. விரிந்துவிட்டால் விலை இல்லை. புடவை முந்தானையை மடித்துக் கட்டிய மடியில் சேர்த்து, சாக்கில் கொட்டி ஈரத்துணி போட்டு மூடி, நேதாஜி மார்க்கெட்டுக்கு முதல் வண்டியில் போய்ச் சேரவேண்டும். கோடையில் கொத்துக்கொத்தாகப் பூத்து விலை விழும். மார்கழி, தைப் பனியில் பூ குறைந்து விலை தங்கம் மாதிரி ஏறும். பறிகூலி கிலோவுக்கு இவ்வளவு என்பதால், விலை ஏறும் நாளில் பறிக்கக் கிடைப்பது கொஞ்சம்தான். பறிக்கிற பெண்களில் கணவனை இழந்தவர்கள் நிறைய. கிலோ கிலோவாகக் கிள்ளிக் கொடுக்கும் பூவில் ஒரு முழத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டால் ஊர் என்ன சொல்லும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தோலும் தோட்டமும் நேருக்கு நேர் மோதியது பாலாற்றுப் படுகையில். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் கழிவுநீரை ஏரியிலும் ஆற்றிலும் விட, கிணறுகள் உப்பேறின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. சட்டக் கல்லூரிகளில் எல்லா மாணவரும் வேலூர் வழக்கு என்று படிப்பது இதைத்தான். தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு ஆகாமல் போனதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்ததைத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது. பிறகு அமைத்த ஆணையம் 2001-ல் 29,193 குடும்பங்களுக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் நிர்ணயித்தது. வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு போர் போடும் செலவுகூடக் கட்டாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாறு விஷயத்தில் தலையிட்டு, பாக்கி ஈட்டைக் கொடுக்கவும், கண்காணிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

இதை நல்லவர் கெட்டவர் கதையாகச் சொல்வது சுலபம். ஆனால் நிலமே இல்லாத தலித் குடும்பங்களுக்கும், ஆம்பூர் வாணியம்பாடி முஸ்லிம் குடும்பங்களுக்கும் மாதச் சம்பளம் கொடுத்ததும் இதே தோல்தான். பண்ணையார் வீட்டுக் கொல்லையில் கைகட்டி நின்றவரின் மகள் ஷூ கம்பெனிப் பேருந்தில் ஏறிப் போனதை இழப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஈடு யாருக்கு, எவ்வளவு என்று பேசும்போது இந்த இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. நடைமுறையில் அப்படி யாரும் பேசுவதில்லை.

நல்ல செய்தியும் ஒன்று. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள் கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் இலையிலும் முள், பறிக்கும்போது கை கிழியும். ஆனால் வதக்கினால் வெண்ணெயாகக் குழையும். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. விதையை விவசாயிகளே எடுத்துக் காப்பாற்றி வந்த ரகம் இது. குறியீடு பேரைக் காப்பாற்றும். விளையும் நிலத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை, அந்த நிலத்துக்கு இப்போது வேறு கிராக்கி இருக்கிறது.

வேலூரைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் மனைப்பிரிவு விளம்பரம். பாதிக்கு மேல் பேர் ஏதோ ஒரு கார்டன். ஐந்து வருஷம் முன்பு அங்கே நிஜமான தோட்டம் இருந்திருக்கும், கிணற்றை மூடியதற்கு அடையாளமாக ஒரு வட்டப் பள்ளமும் தெரியும். வாங்குகிறவர்கள் வீடு கட்டி, மாடியில் பையில் மண் நிரப்பித் தக்காளி வைக்கிறார்கள். அந்த மாடித்தோட்டத்துக்கு அரசு மானியமும் உண்டு. சட்டம் தரைக்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பச்சை அடித்துப் பூங்கா என்று போட்டிருப்பது அதுதான். வேலி போடாமல் விட்டால் சில வருஷத்தில் அங்கே ஒரு பிள்ளையார் கோயிலோ, லோடு வண்டிகள் நிற்கும் இடமோ, இன்னும் மோசமாக இரண்டு புது மனைகளோ முளைத்துவிடும். மனை வாங்கப் போகிறவர்கள் தங்கள் பிளாட்டுக்கு வில்லங்கம் போடும்போதே அந்தப் பச்சைக் கட்டத்தின் சர்வே எண்ணையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, யார் பேரில் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் தெரிந்துவிடும். செலவு சில நூறு ரூபாய்.